சீனா வாங்காவிட்டால் நாமக்கல்லில் சோயா இறங்குமா?

கேள்வி: மோகனூர் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறோம் சார். 40,000 கோழி, தீவனம் சொந்தமாக அரைக்கிறோம். சீனா அமெரிக்காவிடம் சோயா வாங்குவதை நிறுத்திவிட்டது, அங்கே சோயா குவிந்து கிடக்கிறது என்று 2025இல் செய்தி வந்ததிலிருந்து எங்கள் புரோக்கர், "உலகம் பூரா சோயா விழப்போகுது, ஸ்டாக் வைக்காதீங்க" என்கிறார். அப்பா சோயா விலை எகிறிய 2021ஐ நினைத்துப் பயந்து மூன்று மாதத்துக்கு மொத்தமாக இறக்கிவிடலாம் என்கிறார். அப்புறம் சீனா மறுபடி வாங்க ஒப்புக்கொண்டது என்றும் செய்தி வந்தது. அமெரிக்காவில் விலை இறங்கியபோதும் ஏறியபோதும் இங்கே சோயா விலை அது பாட்டுக்கு இருந்தது. சிகாகோ விலையைப் பார்த்து வாங்கலாமா? அமெரிக்கப் புண்ணாக்கு நமக்கு வருமா? யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

வணக்கம். அப்பா சொல்வதில் பாதி சரி. புரோக்கர் சொன்னபடி விலை இறங்கவும் கூடும். ஆனால் இறங்கினால் அது அவர் சொல்லும் காரணத்தால் இருக்காது. காரணம் தவறாக இருந்தால் ஏறும்போதும் தவறான இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் முதலில் சீனாவை முடித்துவிட்டு வருவோம்.

2024இல் சீனா இறக்குமதி செய்த சோயா சுமார் 10.5 கோடி டன். உலகில் நாடு விட்டு நாடு போகும் சோயாவில் பாதிக்கு மேல் இந்த ஒரே நாட்டுக்குப் போகிறது. அதை ஆட்டி எடுக்கும் புண்ணாக்கைப் பன்றியும் கோழியும் மீனும் தின்கின்றன. அமெரிக்க அதிபரும் சீன அதிபரும் மோதிக்கொண்டார்கள் என்பதற்காக அந்தப் பன்றிகள் தீனியைக் குறைத்துக்கொள்வதில்லை. அமெரிக்கச் சோயா வேண்டாம் என்றால் அதே அளவை வேறு யாரிடமாவது வாங்கித்தான் தீர வேண்டும். நம் ஊர்ச் சந்தையில் பெரிய வியாபாரி ஒருவர் வழக்கமான மண்டியோடு கோபித்துக்கொண்டு எதிர் மண்டிக்குப் போனால் என்ன நடக்கும்? பழைய மண்டியில் விலை இறங்கும், எதிர் மண்டியில் ஏறும், சின்ன வியாபாரிகள் எல்லாம் பழைய மண்டிக்கு ஓடுவார்கள். சந்தைக்கு வந்த மொத்தச் சரக்கு அதேதான்.

2018இல் நடந்தது அப்படியே இதுதான். அந்த ஆண்டு ஜூலையில் சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீதம் கூடுதல் வரி போட்டது. முந்தைய ஆண்டு சுமார் 3.3 கோடி டன் வாங்கிய இடத்தில் பாதிதான் வாங்கியது. உலக விலைக்கு அளவுகோலான சிகாகோ சந்தையில் ஒரு புஷல், அதாவது 27 கிலோ சொச்சம், 10 டாலருக்கு மேல் இருந்தது 8 டாலர் சொச்சத்துக்கு விழுந்தது. அதே நேரத்தில் பிரேசில் துறைமுகத்தில் சிகாகோ விலைக்கு மேல் வைத்து வாங்கும் பிரீமியம் புஷலுக்கு 2 டாலரைத் தாண்டியது. ஆக, சீன மில்காரருக்குச் சோயா மலிவாகக் கிடைக்கவில்லை. விலை போகாத அமெரிக்கச் சோயாவை ஐரோப்பா அள்ளிக்கொண்டது. அந்த ஆண்டு வறட்சியில் அடிபட்ட அர்ஜென்டினாகூட, சோயாவுக்குப் பேர் போன நாடு, தன் மில்களை ஓட்ட அமெரிக்காவிடம் வாங்கியது!

அதே 2018 ஆகஸ்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்தது. பன்றிகள் கோடிக்கணக்கில் போயின. சோயா தேவையில் உண்மையிலேயே கை வைத்தது அந்த நோய்தான். வரி என்ற செய்தி வந்தால் கப்பல் திசை மாறுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நோய் என்ற செய்தி வந்தால் தின்னும் வாய் குறைகிறது என்று அர்த்தம். உங்கள் புரோக்கர் முதலாவதைப் பார்த்து இரண்டாவது என்று நினைத்துவிட்டார்.

2025இல் கதை கொஞ்சம் வேகமாக ஓடியது. மார்ச்சில் 10 சதவீதம் கூடுதல் வரி, ஏப்ரலில் நூறைத் தாண்டிய வரி, மே மாதம் சமாதானம் பேசிக் குறைத்தபோதும் அமெரிக்கச் சோயாவுக்குச் சுமை முழுதாக நீங்கவில்லை. செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து சீனா இறக்கிய சோயா பூஜ்யம். 2018 நவம்பருக்குப் பிறகு அப்படி ஒரு மாதம் வந்ததே இல்லை. அந்தச் செப்டம்பரிலேயே அர்ஜென்டினா தன் சோயா மீதான 26 சதவீத ஏற்றுமதி வரியைத் தற்காலிகமாக எடுத்தது. 700 கோடி டாலர் ஏற்றுமதி பதிவாகும்வரைதான் சலுகை என்றார்கள், மூன்று நாளில் அந்த வரம்பு நிறைந்துவிட்டது. சீனா கப்பல் கப்பலாகப் பதிவு செய்துகொண்டது. அர்ஜென்டினாவின் நாணயத்தைக் காப்பாற்ற அமெரிக்க அரசு உதவி பேசிக்கொண்டிருந்த அதே வாரம் அது. அமெரிக்க விவசாயிகளுக்கு வயிறு எரிந்ததில் ஆச்சரியமில்லை.

பிறகு அக்டோபர் 30, தென்கொரியாவின் புசான் நகரில் இரு அதிபர்களும் சந்தித்தார்கள். முதலில் 1.2 கோடி டன், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி டன் வாங்க சீனா ஒப்புக்கொண்டதாக அமெரிக்கா அறிவித்தது. சிகாகோ 11 டாலரைத் தாண்டியது. ஆனால் 2024இல், இந்தச் சண்டைக்கு முன்பே, சீனா அமெரிக்காவிடம் சுமார் 2.2 கோடி டன் வாங்கியிருந்தது. ஆக இந்த ஒப்பந்தத்தால் புதிதாக முளைத்த தேவை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பழைய அளவுக்குத் திரும்புகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பழைய அளவும் ஏற்கெனவே சுருங்கிய அளவு. 2016இல் சீனாவின் சோயா இறக்குமதியில் அமெரிக்காவின் பங்கு 40 சதவீதம். 2024இல் ஐந்தில் ஒன்று. பிரேசிலின் பங்கு 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. போனது முழுதாகத் திரும்பும் என்று நான் நம்பவில்லை, அதற்கு ஐம்பது வருட முன்கதை ஒன்று இருக்கிறது. 1972இல் பெரு நாட்டுக் கடலில் நெத்திலி மீன் வளம் சரிந்தது. மீன் தூள் கிடைக்காமல் உலகமே சோயாப் புண்ணாக்குக்குப் பாய்ந்தது. உள்நாட்டில் விலை எகிறியதும் 1973 ஜூனில் நிக்சன் அரசு சோயா ஏற்றுமதியையே நிறுத்தியது. தடை நீடித்தது கொஞ்ச காலம்தான். ஆனால் தன் சோயாவுக்கு அமெரிக்காவையே நம்பியிருந்த ஜப்பான் மிரண்டு போனது. வேறு இடம் தேடி, பிரேசிலின் செராடோ என்ற சவானா வெளியில் பணத்தையும் ஆட்களையும் இறக்கியது. அமிலம் மிகுந்த புளித்த மண், எதற்கும் ஆகாது என்று விட்டிருந்த நிலம். அதே 1973இல் தொடங்கிய எம்பிராபா என்ற பிரேசிலின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், அந்த மண்ணில் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்யவும், வெப்பப் பகுதியில் விளையும் சோயா ரகங்களை உருவாக்கவும் வழி கண்டது. இன்று உலகிலேயே அதிகம் சோயா விளைவிப்பதும் ஏற்றுமதி செய்வதும் பிரேசில்தான். சில மாதம் கதவைச் சாத்தியதற்கு அமெரிக்கா கொடுத்த விலை அது.

இதில் உங்களுக்கு வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முன்பெல்லாம் உலக சோயா விலைக்கு ஜூலை, ஆகஸ்ட் மாத அமெரிக்க மழையைப் பார்த்தால் போதும். இப்போது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பிரேசிலின் மாட்டோ குரோசோ பக்கம் மழை எப்படி என்பதும், அதன் பிறகு அங்கே அறுவடை எவ்வளவு வேகமாகத் துறைமுகம் சேர்கிறது என்பதும்தான் பெரிய செய்தி.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

அமெரிக்கப் புண்ணாக்கு நமக்கு வருமா என்றால், சாதாரண காலத்தில் வராது. அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினா மூன்றிலும் விளைவது ஏறக்குறைய முழுக்க மரபணு மாற்றிய சோயா. அதன் புண்ணாக்கை இறக்க இந்தியாவில் பொது அனுமதி கிடையாது. 2021 ஆகஸ்டில் மட்டும், விலை கிலோ 90 ரூபாயைத் தாண்டி, கோழிப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் கூக்குரலிட்ட பிறகு, 12 லட்சம் டன்னுக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். உத்தரவு வந்தது ஆகஸ்ட் கடைசியில். கப்பல் வந்து சேர்வதற்குள் மத்தியப் பிரதேசத்தில் புதுச் சோயா மண்டிக்கு வரத் தொடங்கிவிட்டது. வர்த்தகப் பேச்சுவார்த்தை என்று செய்தி வரும்போதெல்லாம் இந்த அனுமதி பற்றிய வதந்தியும் கூடவே வரும். சரக்கு துறைமுகத்தில் இறங்குவதை உறுதி செய்யும்வரை அதை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புண்ணாக்கு வராவிட்டாலும் உலக விலை வேறு வழியாக வந்து சேரும். முதல் வழி எண்ணெய். பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான்.

இந்தூர் மில்லில் 100 கிலோ சோயா ஆட்டினால் சுமார் 18 கிலோ எண்ணெய், 80 கிலோ சொச்சம் புண்ணாக்கு. மில்காரர் இரண்டையும் விற்றுத்தான் சோயாவுக்குக் கொடுத்த காசை எடுக்க வேண்டும். எண்ணெய் கிலோவுக்கு 10 ரூபாய் கூடினால் அவருக்கு 180 ரூபாய் கூடுதல். அதே சோயா விலையில், புண்ணாக்கைக் கிலோவுக்கு 2 ரூபாய் 25 காசு குறைத்துக் கொடுத்தாலும் அவருக்கு நட்டமில்லை. நடைமுறையில் அந்த லாபத்தில் ஒரு பங்கு சோயா விவசாயிக்கும் போகும், ஆனால் திசை இதுதான். இந்தியா தன் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. சோயா எண்ணெய் மட்டும் 2024 நவம்பர் முதல் 2025 அக்டோபர் வரையான எண்ணெய் ஆண்டில் 50 லட்சம் டன்னைத் தாண்டியது. பெரும்பகுதி அர்ஜென்டினாவும் பிரேசிலும் அனுப்பியது. இந்தோனேசியா தன் பாமாயிலை டீசலில் அதிகம் கலக்கத் தொடங்க, பாமாயில் விலை ஏறி, நம் இறக்குமதியாளர்கள் சோயா எண்ணெய் பக்கம் சாய்ந்தார்கள்.

அதனால் டெல்லியில் போடும் எண்ணெய் வரி உங்கள் தீவனக் கொட்டகை வரை வரும். 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கான மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக ஏறியது. 2025 மே கடைசியில் 16.5 ஆக இறங்கியது. வீட்டில் எண்ணெய் பாக்கெட் விலை குறைந்தது என்று சந்தோஷப்படும் அதே வரிக்குறைப்பு, மில்காரரை எண்ணெயில் விட்டதைப் புண்ணாக்கில் பிடிக்கச் சொல்லும். ‘எண்ணெய் இறக்குமதி வரி மாற்றம்’ என்று பத்திரிகையில் ஒரு மூலையில் வரும் செய்தி, சிகாகோவை விட உங்களுக்கு முக்கியம்.

இரண்டாவது வழி ஏற்றுமதி. நம் சோயா மரபணு மாற்றாதது என்பதால் ஐரோப்பாவில் அதற்கென்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வங்கதேசமும் நேபாளமும் பக்கத்தில் இருப்பதால் வாங்குகின்றன. உலகில் புண்ணாக்கு மலிந்தால் இந்த ஏற்றுமதி படுத்துவிடும், சரக்கு உள்ளூரிலேயே தேங்கும், விலை மெல்ல இறங்கும். அமெரிக்காவில் தாவர எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் ஆலைகள் பெருகியதால் எண்ணெய்க்காகவே சோயாவை அதிகம் ஆட்டுகிறார்கள், புண்ணாக்கு உபரியாக வெளியே வருகிறது. அர்ஜென்டினாவும் உலகின் முதல் புண்ணாக்கு ஏற்றுமதியாளர். உங்கள் புரோக்கர் சொன்ன இறக்கம் வந்தால் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வரும், அதுவும் சில மாதம் தாமதமாக.

மூன்றாவதாக உள்ளூர் விலையை ஆட்டும் விஷயத்துக்கும் சீனாவுக்கும் சம்பந்தமே இல்லை. நம் எத்தனால் ஆலைகள். மக்காச்சோளத்திலும் அரிசியிலும் எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் டி.டி.ஜி.எஸ். தீவனச் சந்தையில் வந்து குவிந்தது. சோயா மேல் இருந்த அழுத்தம் அதனால் குறைந்தது. ஆனால் அதே ஆலைகள் உங்கள் மக்காச்சோளத்தையும் பிடுங்கிக்கொண்டன. 2024இல் இந்தியா மக்காச்சோளம் இறக்குமதி செய்யும் நிலைக்கே வந்தது.

இப்போது உங்கள் பண்ணைக் கணக்கு. 40,000 கோழி, தலைக்கு 110 கிராம் என்றால் நாளுக்கு 4.4 டன் தீவனம். அதில் சோயாப் புண்ணாக்கு 18 சதவீதம் என்று வையுங்கள், சுமார் 800 கிலோ. 85 சதவீதம் முட்டை விழுந்தால் 34,000 முட்டை. சோயா கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் முட்டைக்கு 2.35 காசு. மக்காச்சோளம் பாதி என்றால் 2.2 டன், அது ஒரு ரூபாய் ஏறினால் முட்டைக்கு ஆறரைக் காசு. நீங்கள் எழுதிய கடிதத்தில் மக்காச்சோளம் என்ற பேச்சே இல்லை. சோயா செய்தியில் சீனாவும் அமெரிக்காவும் இருப்பதால் அது சுவாரசியமாக இருக்கிறது, பணம் ஒழுகுவது பக்கத்துக் குதிரில். (உங்கள் ஃபார்முலாவில் விகிதம் வேறாக இருந்தால் இதே கணக்கை அந்த எண்ணில் போட்டுக்கொள்ளுங்கள்.)

அதற்காக அப்பாவின் பயத்தைத் தள்ளிவிட முடியாது. 2021 போலக் கிலோவுக்கு 45 ரூபாய் ஏறினால் முட்டைக்கு ஒரு ரூபாய்க்கு மேல் போகிறது. அது பண்ணையை மூடவைக்கும் தொகை. ஆனால் 2021 எப்படி வந்தது என்று பாருங்கள். 2020 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்தில் பெருமழையும் மஞ்சள் தேமல் நோயும் சோயாவை அடித்தன. சீனாவோ பன்றிக் கூட்டத்தை மறுபடி பெருக்கிக்கொண்டு 10 கோடி டன் இறக்குமதி செய்தது. உள்ளூர்க் குறைவும் உலகக் கிராக்கியும் ஒரே நேரத்தில் வந்து, உச்சம் தொட்டது புது அறுவடைக்குச் சற்று முந்தைய 2021 ஆகஸ்டில். அந்த ஆண்டு டிசம்பரில் சோயா முன்பேர வணிகத்தையே சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி நிறுத்தியது.

மூன்று மாத ஸ்டாக் என்றால் 72 டன். கிலோ 40 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 29 லட்சம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில், தின்னத் தின்னக் குறைவதையும் கணக்கிட்டால், கிலோவுக்கு 60 காசு வட்டி மட்டும். அதற்கு மேல் ஈரம், பூஞ்சை, எலி. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாமக்கல் கொட்டகையில் மூன்று மாதம் மூட்டை அடுக்கி வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரத்து அதிகம் இருக்கும்போது கையில் 30 முதல் 45 நாள் சரக்கு, அதற்கு மேல் தேவைப்படுவதில் பாதியை மில்லிடம் விலை பேசி மாதாமாதம் இறக்கும் ஒப்பந்தம். மிச்சப் பாதிக்கு முன்கூட்டி விலை பேசாமல் விடுங்கள், புரோக்கர் சொன்னது பலித்தால் அதில் லாபம் எடுக்கலாம். ஜூன் தொடங்கி, மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் மழை சரியாக விழுந்தது என்று தெரியும்வரை, 45 நாளுக்குக் கீழே ஸ்டாக் இறங்க விடாதீர்கள். அப்பாவின் பயத்துக்கு உரிய காலம் அதுதான்.

டி.டி.ஜி.எஸ். மலிவு என்று அதில் அளவுக்கு மேல் போகவும் வேண்டாம். புரதக் கணக்கில் அது மலிவாகத் தெரியும். கோழிக்கு அவசியமான லைசின் என்ற அமினோ அமிலத்தின் கணக்கில் பாருங்கள்: சோயாப் புண்ணாக்கில் 2.8 சதவீதம் போல் இருக்கும், மக்காச்சோள டி.டி.ஜி.எஸ்.ஸில் 0.8 சொச்சம். தனியாக லைசின் சேர்க்கும் செலவையும் கூட்டினால்தான் உண்மை விலை தெரியும். மூல மக்காச்சோளத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தால் டி.டி.ஜி.எஸ்.ஸில் அது மூன்று மடங்கு செறிவாகும். ஒவ்வொரு வண்டிக்கும் டெஸ்ட் செய்யாமல் கலக்காதீர்கள்.

சீனாவிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டென்றால் அது இந்தத் தீவனக் கணக்குதான். அவர்களுடைய வேளாண் அமைச்சகம் தீவனத்தில் சோயாப் புண்ணாக்கின் பங்கை 2025க்குள் 13 சதவீதத்துக்குக் கீழேயும் 2030க்குள் 10 சதவீதத்துக்கும் கொண்டுவரத் திட்டம் போட்டிருக்கிறது. மொத்தப் புரதத்தைக் குறைத்து, லைசின், மெத்தியோனின், திரியோனின் போன்றவற்றைத் தனியாகச் சேர்த்துச் சரிக்கட்டுவது. உங்கள் ஃபார்முலாவில் சோயாவை 18இலிருந்து 16க்குக் கொண்டுவர முடியுமா என்று தீவன ஆலோசகரிடம் கேளுங்கள். முடிந்தால் நாளுக்கு 88 கிலோ மிச்சம். முதலில் ஒரு கொட்டகையில் மட்டும் பார்த்து, முட்டை எடை குறையவில்லை என்று தெரிந்த பிறகு மற்றதற்கு மாற்றுங்கள்.

சிகாகோ விலையைப் போனில் பார்ப்பதில் தப்பில்லை. வாங்குவதை அதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். தினமும் பார்க்க வேண்டியது இந்தூர், லாத்தூர் மில் விலையும், உங்கள் மக்காச்சோள வரத்தும். வாங்கும் சோயாவில் புரதம் எவ்வளவு, யூரியா கலந்திருக்கிறதா, வேக்காடு சரியா என்பதை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் பார்த்துச் சொல்வார்கள். 46 சதவீதம் என்று பேசி 44 இறங்கினால், 40 ரூபாய் சரக்கில் கிலோவுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் போகிறது. அடுத்த வண்டி வரும்போது மூட்டை அடுக்கின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் எடுத்துக் கலந்து, ஒரு கிலோ சாம்பிள் அனுப்புங்கள். ரிப்போர்ட் வந்ததும் உங்கள் ஃபார்முலாவையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், 16 சதவீதம் ஒத்துவருமா என்று பார்ப்போம்.